டாங்கிள் தொலைந்தால் கிடார் செத்துப் போச்சா?



நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என் பேச்சைத் தாங்கியவர்களுக்கு இது ஒன்றும் பெரிதல்ல. அவசரக்காரர்கள் கடைசிப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் உங்களுக்கே தெரியும், நான் கேள்வியை நடுவிலிருந்துதான் எடுப்பேன்.

இரண்டு வாரம் முன்பு இதே பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். மின்னசோட்டாவில் மகள் வீட்டு பேஸ்மென்ட். வெளியே முழங்கால் அளவு பனி. தரையில் ஒரு பிளாஸ்டிக் கிடாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, நானும் பேரனும் ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தோம். அதற்கு வந்த பதில்களில் சில:

"அத்தான், ரிட்டயர் ஆகியும் வீடியோ கேமா?"

"மாமா, புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க. அதுக்குப் போய் இவ்ளோ பாடா?"

"சார், இதெல்லாம் ஈ-வேஸ்ட் சார். ரீசைக்கிளிங்ல போட்டுடுங்க."

முதல் இரண்டும் உறவுக்காரர்கள். அவர்கள் கேலி எனக்குப் பழக்கம். மூன்றாவது என்னிடம் இயற்பியல் படித்த பையன். இன்று பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருக்கிறான். இந்தப் பதிவு எல்லோருக்கும்தான் என்றாலும், அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2005ல் 'கிடார் ஹீரோ' என்ற விளையாட்டு அமெரிக்காவில் வந்தது. 2007ல் 'ராக் பேண்ட்' வந்தது. அதில் கிடாரோடு டிரம்ஸும் மைக்கும் சேர்ந்தன. டிவி திரையில் வண்ண வண்ணக் கட்டிகள் நம்மை நோக்கி இறங்கி வரும். கிடாரின் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். வருகிற நிறத்தை இடது கையால் அழுத்திக்கொண்டு, தந்தி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஒரு பட்டையை வலது கையால் தட்ட வேண்டும். நேரத்துக்குத் தட்டினால் பாட்டில் கிடார் ஒலிக்கும். தப்பினால் கிடார் சத்தம் மட்டும் அறுந்துபோகும். இதில் யாரும் கிடார் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் லயம் இல்லாதவனை இரண்டு நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஐந்தாறு வருடம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இது இருந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று என்று விளையாட்டுகளை இறக்கித் தள்ளினார்கள். மக்களுக்குச் சலித்துவிட்டது. 2011 பிப்ரவரியில் கிடார் ஹீரோவை வெளியிட்ட நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியது. 2015ல் இரண்டு விளையாட்டும் ஒருமுறை திரும்பி வந்தன. அதன் பிறகு அந்தக் கிடார்களில் பெரும்பாலானவை பேஸ்மென்ட்டிலும் கராஜிலும்தான் கிடக்கின்றன.

எங்கள் வீட்டுக் கிடாரும் அப்படி ஒன்று. மாப்பிள்ளை இங்கே எம்.எஸ். படிக்க வந்த புதிதில், 2010ல், அறைத் தோழர்கள் நான்கு பேரோடு பங்கு போட்டு வாங்கியது. அரிசிக்கும் பருப்புக்கும் நோட்டில் கணக்கு எழுதிய காலம். பிறகு ஆளுக்கொரு ஊருக்குப் போனபோது, கிடாரும் டிரம்ஸும் இவர் பங்குக்கு வந்தன. பன்னிரண்டு வயதுப் பேரன் போன மாதம் அட்டைப்பெட்டியில் இதைக் கண்டுபிடித்தான். "அப்பா, நீ இதை வாசிப்பியா?" என்று கேட்டான். அப்பனும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியே நாளாகியிருந்தது. இவர் லேப்டாப்பிலும் அவன் போனிலும் இருப்பார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து தூசி தட்டினார்கள். கிடார் உயிர் பெறவில்லை. "செத்துப் போச்சுடா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை மாடிக்குப் போய்விட்டார். மகள் அதைக் குப்பைக்குப் போகும் பெட்டியில் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன்.

சண்டை அங்கேதான் ஆரம்பம். செத்துப் போச்சு என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நாடி பிடித்துப் பார்த்தாயா?

பிளஸ் டூ வகுப்பில் நான் கேட்ட கேள்வி பலருக்கு நினைவிருக்கும். "ரேடியோ பாடவில்லை. முதலில் எதைப் பார்ப்பாய்?" டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் என்று எல்லோரும் பெரிய பெரிய பெயராகச் சொல்வீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் "சுவிட்ச் போட்டிருக்கான்னு பாப்பேன் சார்" என்பான். வகுப்பு சிரிக்கும். அவன் சொன்னதுதான் சரியான விடை. எளிதில் பார்க்கக் கூடியதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். கம்பியில்லாக் கிடாருக்கும் இதே விதிதான்.

முதலில் பேட்டரி அறையைத் திறந்தோம். உள்ளே எப்போதோ போட்ட ஆல்கலைன் பேட்டரிகள் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தன. அது காரம். காரத்தை எது சமன் செய்யும்? அமிலம். பேரனிடம் சமையலறையிலிருந்து வினிகர் கொண்டு வரச் சொன்னேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு. நுரைத்து வந்தது. "தாத்தா, இது கெமிஸ்ட்ரியா!" என்றான். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, புதுப் பேட்டரி போட்டதும் விளக்கு எரிந்தது. செத்துப் போனது என்று தீர்ப்பு எழுதப்பட்ட கிடார் ஐந்து நிமிடத்தில் கண் விழித்துவிட்டது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். மூன்று பேட்டரி போடும் கருவியில் அது 3.6க்கும் 4.5க்கும் உள்ள வித்தியாசம். சில கருவிகள் அதில் தடுமாறும். ஆகவே சோதனை செய்யும்போது புது ஆல்கலைன்தான் போட வேண்டும்.

ஆனால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிலையாக நிற்கவில்லை. அப்படியென்றால் கிடார் யாரையோ கூப்பிடுகிறது, பதில் வரவில்லை என்று பொருள்.

இரண்டாவது சோதனை அலை. இந்த வகைக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இருப்பதும் அதே தெருவில்தான். நடுவில் இரும்பு அலமாரி இருந்தால் மறைக்கும். மனித உடம்பில் நீர் அதிகம், அதுவும் உறிஞ்சும். கம்ப்யூட்டரில் யூ.எஸ்.பி. 3 துளைக்குப் பக்கத்தில் ரிசீவரைச் செருகினால், அந்தத் துளையே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இதை 2012லேயே இன்டெல் ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ஒரு சாதாரண யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி, ரிசீவரை மூன்றடி தள்ளி வைத்தாலே பல வீட்டு 'ரிப்பேர்' தீர்ந்துவிடும். நாங்கள் வைஃபையை அணைத்தோம், மைக்ரோவேவை நிறுத்தினோம், ரிசீவரைக் கிடாருக்கு ஓரடி தூரத்தில் வைத்தோம். மாற்றமில்லை.

மூன்றாவது சோதனை இணைப்பு. அதில்தான் திருடன் அகப்பட்டான்.

இந்த வகைக் கிடாரோடு கட்டைவிரல் அளவில் ஒரு யூ.எஸ்.பி. ரிசீவர் வரும். டாங்கிள் என்பார்கள். அதைக் கேம் பெட்டியில் செருகினால்தான் கிடார் பேசும். எங்களிடமும் ஒரு டாங்கிள் இருந்தது. அதன் முதுகில் அழிந்துபோன எழுத்தை பேரன் டார்ச் அடித்துப் படித்தான். அது டிரம்ஸின் டாங்கிள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கிடாரோடு அது சேராது. கிடாரின் டாங்கிள் நாலைந்து வீடு மாறியதில் எங்கேயோ விழுந்துவிட்டது. அவ்வளவுதான் நோய். கிடாரில் ஒரு குறையும் இல்லை.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். பெயர் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் பலர் செய்ததைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். வந்த பதிலின் சாரம்: அந்தப் பொருளுக்கான ஆதரவு முடிந்துவிட்டது, டாங்கிள் தனியாக விற்பதில்லை. சரி, பழைய பொருள் விற்கும் தளங்களில் பார்த்தேன். அங்கே கிடாரைவிட டாங்கிளுக்கு விலை அதிகம்! மாட்டை விற்றுக் கயிறு வாங்கும் கதை.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

ஒரு பொருள் தேய்ந்து போவது இயற்கை. அதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். மிருதங்கத்தில் தோல் போகும், மூட்டு மாற்றுவார்கள். வீணையில் மெழுகு இளகும், மேளம் கட்டுவார்கள். 24 மெட்டுகளையும் எடுத்துவிட்டு, காதால் சுருதி பார்த்து மறுபடி பதிப்பார்கள். தஞ்சாவூரில் அதைச் செய்கிறவர் வீணையைச் செய்தவராக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊரிலும் விஷயம் தெரிந்த எவரும் செய்யலாம். அதனால்தான் பாட்டி வாசித்த வீணையைப் பேத்தி வாசிக்கிறாள்.

நம் வீட்டில் இருந்த பழைய வால்வு ரேடியோ சிலருக்கு ஞாபகம் இருக்கும். பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். "நான் பழுதாவேன், அப்போது இதைப் பார்" என்று செய்தவனே சொல்லி அனுப்பியிருந்தான். மன்னார்குடிக் கடைத்தெருவில் எட்டாம் வகுப்பு படித்த மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் ரேடியோவைப் பாட வைத்தார்.

இந்தக் கிடாரில் நடந்தது தேய்மானம் அல்ல. ஆரோக்கியமான ஒரு கருவியின் உயிரை, கை தவறினால் சோபா இடுக்கில் விழுந்துவிடும் ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் கொண்டுபோய் வைத்தது. ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் கதையை என் அம்மா சொல்வார். அந்த அரக்கனாவது தன் உயிரை அப்படி வைத்தான். இங்கே நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளின் உயிரை வேறு ஒருவர் கிளிக்குள் வைத்திருக்கிறார். அந்தக் கிளியையும் இனிமேல் செய்வதில்லையாம்.

பெங்களூர்ப் பையன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். "சார், ஜோடி சேர்ப்பதற்குக் காரணம் இருக்கு. பக்கத்து வீட்டுக் கிடார் நம்ம டிவியில வாசிச்சா என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. ஒரே அறையில் இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ் இருக்கும்போது எது எதன் குரல் என்று அடையாளம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஜோடி சேர்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. மறுமணத்துக்கு வழியில்லாமல் செய்ததுதான் தவறு. டாங்கிள் போனால் வேறொரு டாங்கிளோடு சேர்ந்துகொள்ள அந்தக் கிடாருக்கு ஏன் வழி வைக்கவில்லை?

"அந்தக் காலத் தொழில்நுட்பம் அவ்ளோதான் சார்" என்பாய். இல்லை. அதே காலத்தில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த கம்பியில்லாக் கிடார்கள் தனி டாங்கிள் இல்லாமல் நேராகப் பெட்டியோடு பேசின. பெட்டியில் ஒரு பொத்தான், கிடாரில் ஒரு பொத்தான், இரண்டையும் அழுத்தினால் சேர்ந்துகொள்ளும். வீ பெட்டிக்கு வந்த கிடார் ஹீரோ கிடாரில் அந்தப் பெட்டியின் ரிமோட்டையே உள்ளே செருகிவிடலாம். ரிமோட் கெட்டால் வேறு ரிமோட். 2007ல் வந்த சில கிடார்கள் கம்பியோடே வந்தன. தொலைந்து போவதற்கு அவற்றில் எதுவும் இல்லை. ஆக, வழி தெரியாமல் இல்லை. சிலர் யோசித்தார்கள், சிலர் யோசிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"பத்து வருஷம் கழிச்சு எவன் சார் இதைத் தேடுவான்?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். என் பேரன் தேடினானே! வாங்கியவன் எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று விற்றவன் முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? பட்டுப்புடவை விற்ற கடைக்காரர் பத்து வருடம் கழித்து வந்து, "இனி இதை உடுத்த முடியாது, புது மாடல் வந்துவிட்டது" என்று சொன்னால் என் அக்கா சும்மா விடுவாரா?

கிடாருக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்காதீர்கள். 2015ல் வந்த 'கிடார் ஹீரோ லைவ்' விளையாட்டில் பெரும்பாலான பாட்டுகள் இன்டர்நெட் வழியாகத்தான் வரும். 2018 டிசம்பர் 1ல் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கான பாட்டுகள் போய், வட்டில் இருந்த 42 மட்டும் மிஞ்சின. கிடார், பெட்டி, டிவி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எங்கேயோ ஒரு சுவிட்சை ஒருவர் அணைத்தார், அவ்வளவுதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தேன். நான் உட்கார்ந்திருக்கும் இதே மின்னசோட்டாவில் பழுது பார்க்கும் உரிமைக்கு 2023ல் சட்டம் இயற்றினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. உதிரிப் பாகம், கருவி, கையேடு எல்லாவற்றையும் நியாயமான முறையில் வெளி ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. அப்புறம் விதிவிலக்குப் பட்டியல் வந்தது. அதில் வீடியோ கேம் பெட்டிகள்! கலிபோர்னியா சட்டத்திலும் இதே விலக்கு. குழந்தைகள் பொருள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணமோ என்னவோ. நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைலும் எலக்ட்ரானிக்ஸும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு பிரிவு. நல்ல ஆரம்பம். ஆனால் இணையதளம் ஸ்பிரிங்கைத் துடைத்துக் கொடுக்காது. அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் இங்கே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஹென்னபின் கவுண்டியில் 'ஃபிக்ஸ்-இட் கிளினிக்' என்று நடத்துகிறார்கள். பழுதான பொருளை எடுத்துக்கொண்டு போனால், விஷயம் தெரிந்த தன்னார்வலர்கள் நம்மோடு உட்கார்ந்து, நம்மையே சரி செய்ய வைக்கிறார்கள். காசு கிடையாது. நானும் பேரனும் கிடாரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். என் வயதுக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதில் என்ன இருக்கிறது? வெறும் சுவிட்சுகள்தானே?" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

ஆமாம், வெறும் சுவிட்சுகள். ஐந்து வண்ணப் பொத்தான், தட்டும் பட்டைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, ஸ்டார்ட், செலக்ட். அதோடு சுருதியை வளைக்கும் கைப்பிடியில் ஒரு மாறு மின்தடை. அதுதான், ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைப்பீர்களே, அதே சாமான். இவ்வளவையும் படித்துக் கேம் பெட்டிக்குச் சொல்ல ஒரு சின்ன மூளை போதும். 'ராஸ்பெர்ரி பை பைக்கோ' என்ற பலகை 2021ல் 4 டாலர் விலையில் வந்தது. சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். இப்படி அனாதையாக விடப்பட்ட கிடார்களுக்கென்றே யாரோ சில புண்ணியவான்கள் மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கிடாரில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக் கம்பி இருந்ததால் வேலை சுலபம். சுவிட்சின் ஒரு முனை பூமிக்கு, மறு முனை பலகையின் ஒரு காலுக்கு. கைப்பிடி, மின்னழுத்தம் அளக்கும் காலுக்கு. பன்னிரண்டு வயதுப் பையன் முதல்முறையாக சோல்டரிங் அயர்ன் பிடித்தான். முதல் இரண்டு பற்று உருண்டையாக நின்றது, ஒட்டவில்லை. "ஈயத்தைச் சூடு பண்ணாதே, கம்பியைச் சூடு பண்ணு, ஈயம் தானா ஓடும்" என்றேன். மூன்றாவது, பளபளவென்று பரவி நின்றது.

கம்பியில்லாக் கிடாருக்குக் கம்பி வைத்துவிட்டோம். இனி அதற்கு டாங்கிளும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பத்தடி யூ.எஸ்.பி. கம்பி, அவ்வளவுதான். பழைய கேம் பெட்டியிலும் லேப்டாப்பிலும் ஓடுகிறது.

அதோடு முடியவில்லை. தட்டும் பட்டை ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு காட்டியது. சுவிட்சில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து நூறு முறை தட்டியதும் சரியானது. கழுத்தைக் கழற்றி மாட்டும் வகைக் கிடார் வைத்திருப்பவர்கள், பொத்தான்கள் திடீர் திடீரென்று வேலை செய்யாவிட்டால், கழுத்து சேரும் இடத்தில் உள்ள செம்புப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

கடைசிப் பிரச்சினை டிவி. பேரன் சரியாகத் தட்டினாலும் தப்பு என்று காட்டியது. "தாத்தா, கிடார் இன்னும் கெட்டுத்தான் இருக்கு" என்று முகம் வாடினான். கிடார் கெடவில்லை. இன்றைய டிவிகள் படத்தை அழகுபடுத்த நேரம் எடுத்துக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு அரை நொடி. அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125 மில்லி நொடி. டிவி 100 மில்லி நொடி தாமதித்தால் கிட்டத்தட்ட ஒரு கால் தட்டு போய்விடும். மிருதங்கக்காரர் நாலு வீடு தள்ளி உட்கார்ந்து வாசிப்பது போலத்தான். டிவியில் 'கேம் மோட்' போட்டு, விளையாட்டின் அமைப்பில் இருக்கும் காலிபரேஷனை ஒருமுறை செய்தால் தீர்ந்தது. எத்தனை பேர் இதை அறியாமல் நல்ல கிடாரைக் குப்பையில் போட்டிருப்பார்கள்!

சனிக்கிழமை இரவு மாப்பிள்ளை கீழே வந்தார். சும்மா பார்க்கத்தான் வந்தார். அப்புறம் டிரம்ஸில் உட்கார்ந்தார். அதன் டாங்கிள்தான் பத்திரமாக இருக்கிறதே. அப்பனும் பிள்ளையும் பதினொரு மணி வரை வாசித்தார்கள். நடுவில் இவர் தப்பினார், அவன் சிரித்தான். அந்த ஐந்து பேர் இருந்த அறை, ஒரே ஒரு குக்கர், பனியில் நடந்து போய்க் கிடாரைத் தூக்கி வந்தது என்று மாப்பிள்ளை எல்லாக் கதையையும் சொன்னார். என் மகளுக்கே தெரியாத கதைகள். இதைத்தான் ஈ-வேஸ்ட் என்கிறீர்கள்.

இப்போது வீட்டுப்பாடம்.

உறவுகளுக்கு: உங்கள் வீட்டிலும் ஊமையாகிப் போன கருவி ஒன்று கிடக்கும். தூக்கிப் போடுவதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வைத்திருக்கும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். டாங்கிளோ ரிசீவரோ இருந்தால் இன்றைக்கே ஒரு டேப் எடுத்து, அதைக் கருவியின் முதுகிலேயே ஒட்டி, எது எதனுடையது என்று பேனாவால் எழுதுங்கள். யாருக்காவது கொடுத்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். டாங்கிளை மட்டும் குப்பையில் போடுவது கருவியையே போடுவதற்குச் சமம்.

மாணவர்களுக்கு: உங்களில் குறைந்தது பத்துப் பேர் இன்று இப்படிப்பட்ட பொருட்களை வடிவமைக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். எந்த நிறுவனம் என்று நான் கேட்கவில்லை. மூன்றே விஷயம் கேட்கிறேன். ஒன்று, கம்பியில்லாத எந்தப் பொருளிலும் அவசரத்துக்கு ஒரு கம்பித் துளை வையுங்கள். இரண்டு, ஜோடி போனால் புது ஜோடி சேர வழி வையுங்கள். மூன்று, ஒரு பொருளைக் கைவிடும் நாளில், அது எப்படிப் பேசுகிறது என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கு அந்த ரகசியத்தால் உங்களுக்குக் காசு வராது, வாங்கியவனுக்கு உயிர் வரும்.

"மேலதிகாரி ஒத்துக்கமாட்டார் சார்" என்பீர்கள். தெரியும். எல்லாக் கூட்டத்திலும் ஜெயிக்க வேண்டாம். கேள்வியையாவது கேளுங்கள். ரேடியோ பாடவில்லை என்றபோது சுவிட்சைப் பார்ப்பேன் என்று சொன்னவனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அவன் கையைக் கீழே இறக்கவில்லை.

பெங்களூர்ப் பையா, உன் மேல் கோபம் இல்லை. உன் பதிலை கீழே எழுது. தப்பிருந்தால் திருத்து. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். மன்னார்குடி வீட்டில் பரண் மேல் அந்தப் பழைய ரேடியோ இன்னும் இருக்கிறது. நீயும் வா, சேர்ந்து திறந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்